கன்னியாகுமரி மாவட்டத்துல வண்டித் தொல்லை இல்லாம கடற்கரையும் மலையும் சைக்கிள்ல சுத்த வழி உண்டா?

ஜனவரியில மூணு நாள் சைக்கிளோட வர்றேன், கார் பஸ் லாரிக்கு நடுவுல ஓட்ட முடியாது, கடலும் வேணும் மலையும் வேணும்னு கேட்டிருக்கீங்க. உண்டு, தாராளமா உண்டு. ஆனா சைக்கிளுக்குன்னே போட்ட பாதை எங்க மாவட்டத்துல கிடையாது, அத எதிர்பாத்து வந்தா ஏமாந்துருவீங்க. 2011 கணக்கெடுப்புப்படியே இங்க ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல, ஒரு ஊரு முடியுற எடம் எது அடுத்த ஊரு தொடங்குற எடம் எதுன்னே தெரியாது, அதனால ஆளே இல்லாத ரோடுன்னு ஒண்ணு இங்க அமையாது. ஆளு இருப்பாங்க, வண்டி இருக்காது, அப்படிப்பட்ட வழிதான் இங்க நெறைய. அந்த வழிக்கு எங்க ஊர்ல பேரு சானல் கரை.

நான் நாகர்கோவில், பன்னெண்டு வருசமா லீவு நாள்ல சைக்கிள் சவுட்டுறேன் (எங்க ஊர்ல மிதிக்கிறதுன்னு சொல்ல மாட்டாங்க, சவுட்டுறதுதான்). ஆரம்பத்துல நானும் மெயின் ரோட்டுலதான் போவேன். மார்த்தாண்டம் தாண்டி ஒருநாள் கல்லு ஏத்துன டாரஸ் லாரி ஒண்ணு என் முழங்கையில இருந்து ஒரு சாண் தள்ளிப் போச்சு, இடிக்கல, ஆனா அந்தக் காத்து இழுத்த இழுப்புல ஹேண்டில் ஆடி ஓரத்து ஜல்லியில எறங்கி விழுந்தேன், உள்ளங்கையில மூணு தையல். அன்னைக்கு எடுத்த முடிவு, திருவனந்தபுரம் ரோட்டுல சைக்கிள் சவுட்டுறதில்ல. அதுக்கப்புறம்தான் சானல் கரை எல்லாம் ஒவ்வொண்ணா தேட ஆரம்பிச்சேன்.

சானல்னா என்னன்னு வெளியூர்க்காரருக்குச் சொல்லணும். பேச்சிப்பாறை அணை 1906ல முடிஞ்சது, கோதையாறு மேல கட்டுனது. அதுல இருந்தும் பெருஞ்சாணி அணையில இருந்தும் வர்ற தண்ணிய மாவட்டம் முழுக்கக் கொண்டு போக சானல் வெட்டி வச்சிருக்காங்க, தோவாளை சானல், அனந்தனாறு சானல், புத்தனாறு சானல், மேற்க பட்டணங்கால்னு பேரு. தண்ணி தானா ஓடணும்னா சரிவு ரொம்ப லேசாதான் வைக்க முடியும், அதனால கரையும் அப்படியே இருக்கும், ஏத்தமே தெரியாது, சைக்கிள்காரனுக்கு இதவிட என்ன வேணும் சொல்லுங்க. சானலைப் பாத்துக்குறதுக்கு ஜீப் போற அகலத்துக்குக் கரை விட்டிருப்பாங்க, சில எடத்துல தாரு, சில எடத்துல சிமெண்டு, பாதி எடத்துல வெறும் மண்ணு. லாரி வராது, பஸ் வராது, பால்காரர் பைக்கும் ஸ்கூல் புள்ளைகளும்தான். பொதுவா ஜூன்ல அணை தெறந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் தண்ணி ஓடும், கன்னிப்பூ கும்பப்பூ ரெண்டு நெல் சாகுபடிக்கும் சேத்து, அதனால நீங்க வர்ற ஜனவரியில சானல் நெறஞ்சு ஓடும், ரெண்டு பக்கமும் பச்சை வயக்காடு, வடக்க மலை.

என் யோசனை, மலையில ஆரம்பிச்சு தண்ணி போற போக்குலயே கடலுக்கு எறங்குங்க. சைக்கிள் எடுக்குற முதல் நாளுக்கு முந்தின சாயங்காலமே மலைப் பக்கத்துக் குலசேகரம் போய்த் தங்கிடுங்க. விடிய முன்னாடி அஞ்சரைக்கு லைட் போட்டு பெருஞ்சாணி பக்கம் கெளம்பினா ரப்பர் தோட்டத்துக்குள்ள பால் வெட்டு நடக்குறது பாக்கலாம், தலையில லைட் கட்டிட்டு ஒவ்வொரு மரமா போவாங்க, பட்டையில ஒரு நூல் அளவுக்குச் சீவுனதும் வெள்ளையா ஒரு கோடு பொடிச்சு வந்து சாஞ்சு எறங்கி சிரட்டையில சொட்டும். ஒருக்க நான் சைக்கிள நிப்பாட்டிட்டுப் பாத்துட்டே நின்னேன், வெட்டிட்டிருந்த அக்கா திரும்பிப் பாக்காமலே, தம்பி அந்த லைட்ட கொஞ்சம் அணைங்க கண்ணு கூசுதுன்னாங்க. அணைச்சேன். அதுக்கப்புறம் சொட்டுற சத்தம் தனியா கேட்டுச்சு. அந்தக் காலையை இன்னும் மறக்கல. வீட்டு முத்தத்துல எல்லாம் ரப்பர் ஷீட் துணி மாதிரி தொங்கும், ஒட்டுப்பால் (சிரட்டையிலயும் பட்டையிலயும் காஞ்சு ஒட்டுன ரப்பர் பால்) நாத்தம் முதல்ல கொஞ்சம் கொமட்டும், அரை மணி நேரத்துல பழகிடும்.

பெருஞ்சாணிக்குக் கீழ புத்தன் அணை, அங்க இருந்து பாண்டியன்கால் வழியா பறளியாத்துத் தண்ணிய பழையாத்துப் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. சுருளகோடு, அழகியபாண்டியபுரம், திட்டுவிளை, பூதப்பாண்டின்னு கேட்டுக் கேட்டு வாங்க. இதுல சுருளகோடு வரைக்கும் கொஞ்சம் ஏத்த எறக்கம் உண்டு, கியர் இல்லாத சைக்கிள்னா ஒண்ணு ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளணும். அழகியபாண்டியபுரம் வந்துட்டா அப்புறம் எல்லாம் சமநெலம். அருமநல்லூர், தெரிசனங்கோப்புப் பக்கம் சானல் கரையில போறப்பதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், படித்துறையில துணி தொவைக்கிறவங்க, எருமையைக் குளிப்பாட்டுறவங்க, ஒரு பாட்டி வாளியை ஓரமா நகத்தி வச்சுட்டு "மக்களே பாத்துப் போங்க, அந்தால மதகுப் பக்கம் கல்லு பெயந்து கெடக்கு"ன்னு கூப்பிட்டுச் சொன்னாங்க, சொன்ன மாதிரியே கெடந்துச்சு. மேப்ப நம்புறதவிட இவங்கள நம்புங்க. மேப்ல கரை நேரா போற மாதிரி இருக்கும், நடுவுல கரை உடைஞ்சிருக்கும் இல்லன்னா ஆள் உயரத்துக்குப் புல்லு வளந்திருக்கும்.

பூதப்பாண்டியில இருந்து நாகர்கோவில் டவுனுக்குள்ள நுழையாதீங்க, ஒழுகினசேரியில மாட்டிக்குவீங்க. தாழக்குடி வந்து வெள்ளமடம் பக்கம் திருநெல்வேலி ரோட்டைக் குறுக்க கடந்துட்டா (இந்த ஒரு எடத்துல எறங்கித் தள்ளிக் கடங்க, ரெண்டு பக்கமும் பாத்து) தேரூர் வந்துரும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பொறந்த ஊரு, கொளத்தங்கரையில ஒக்காந்து சாப்பிட நல்ல எடம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்த 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேத்தாங்க, அதே வருசம் வேம்பனூரும் சேந்துச்சு. ஜனவரியில நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் இருக்கும், பைனாகுலர் இருந்தா கட்டாயம் எடுத்து வாங்க. அங்கேருந்து சுசீந்திரம் தேர் வீதி வழியா வெளிய வந்து தெங்கம்புதூர் பக்கமா எறங்கினா மணக்குடி, பழையாறு கடல்ல சேர்ற பொழி. காலையில அணை ஓரமா பாத்த அதே தண்ணி. மொத்தம் அம்பது கிலோமீட்டர்தான் வரும், ஆனா நான் ஒருநாளும் அத எட்டு மணி நேரத்துக்குக் கொறஞ்சு முடிச்சதில்ல, நிக்கிற எடம் அவ்வளவு இருக்கு.

மணக்குடியில அகலமா காயல் இருக்கு, பாலத்துமேல நின்னா ஒரு பக்கம் காயல் ஒரு பக்கம் கடல். 2004 சுனாமியில பழைய பாலம் அடிச்சுட்டுப் போச்சு, இப்ப இருக்குறது பிறகு கட்டுனது. சுனாமியில இந்தக் கரையில செத்தவங்க ரொம்பப் பேரு, ஊருக்கு ஊரு நினைவிடம் இருக்கும், பாத்தா சைக்கிள விட்டு எறங்கிடுங்க, போட்டோவுக்குப் போஸ் குடுக்குற எடம் இல்ல அது.

ரெண்டாவது நாள் கடற்கரை. மணக்குடியில இருந்து மேற்க பள்ளம், சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, கொளச்சல். மாவட்டத்துக் கடற்கரை மொத்தமே எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா கரைய ஒட்டியே ஒரே ரோடு கிடையாது, சில எடத்துல தென்னந்தோப்புக்குள்ள ஏறி வந்து அடுத்த ஊர்ல திரும்ப எறங்கணும். முட்டத்துல லைட் ஹவுஸ், செம்மண் மேடு, பாறை, அங்க ஒரு மணி நேரம் எடுத்துக்கோங்க. கடியபட்டணம் பக்கம் வள்ளியாறு கடல்ல சேருது. மணவாளக்குறிச்சியில மண்ணே கருப்பாவும் செவப்பாவும் இருக்கும், தாது மணல். கொளச்சல்ல 1741ல மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரன தோக்கடிச்சதுக்கு வெற்றித்தூண் நிக்குது. அதுக்கும் மேற்க தேங்காப்பட்டணம் வரைக்கும் போகலாம், நல்லாதான் இருக்கும், ஆனா ஒரே நாள்ல திணிக்காதீங்க.

கடலோர ஊர்ல ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க, அங்க ரோடுங்கிறது ரோடு மட்டும் இல்ல, வீட்டு முத்தமும் அதுதான். வலை காயப்போட்டிருப்பாங்க, மீன் காயும், புள்ளைங்க வெளையாடும், சாயங்காலம் பெரியவங்க நாற்காலி போட்டு இருப்பாங்க. வலை மேல டயரை ஏத்திடாதீங்க, ஒரு கண்ணி அறுந்தா அதத் தைக்க ஒருத்தர் ஒக்காரணும். எறங்கித் தள்ளிட்டுப் போனீங்கன்னா அவங்களே எழுந்து வலைய ஒதுக்கி வழி விடுவாங்க, சாயாவும் வாங்கித் தருவாங்க, எனக்கு நடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில கோயில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வாங்க) பூசை விடுற நேரம் ரோடு முழுக்க ஆளுதான், அந்த நேரம் ஒதுங்கி நில்லுங்க.

காத்து பத்தி. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்க இருந்து அடிக்கிற காத்து சாதாரணமானது இல்ல, ஆரல்வாய்மொழி கணவாய்ல புகுந்து முப்பந்தல் காத்தாடி எல்லாத்தையும் சுத்துறது அதுதான், அப்ப மேற்க பாத்துச் சவுட்டினா சைக்கிள் நிக்கிற மாதிரியே இருக்கும். ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழை. ரெண்டு மழையும் இங்க உண்டு, அதனாலதான் இவ்வளவு பச்சை. ஜனவரி பிப்ரவரி சரியான நேரம், நீங்க சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்க. ஏப்ரல் மே மாசத்துல வர்றவங்களுக்கு இன்னொண்ணு சொல்றேன், காத்தே இல்லாம திடீர்னு கடல் பொங்கி ஏறும், கள்ளக்கடல்னு சொல்வாங்க, எச்சரிக்கை குடுத்திருந்தா கரைப் பக்கம் தலையே காட்டாதீங்க.

மூணாவது நாளுக்கு ரெண்டு யோசனை. கால் வலிச்சா மாத்தூர் தொட்டிப்பாலம், பறளியாத்துக்கு மேல 115 அடி உயரத்துல பட்டணங்கால் தண்ணியத் தொட்டியில கொண்டு போறாங்க, அதுவும் ஒரு சானல்தான், ஆகாசத்துல போகுது அவ்வளவுதான், திருவட்டாறு கோயிலும் பக்கத்துலயே. கால்ல இன்னும் தெம்பு இருந்தா தடிக்காரன்கோணம் வழியா கீரிப்பாறை ஏறுங்க, ஏத்தம் உண்டு ஆனா நெழல் உண்டு. அதுக்கும் மேல காளிகேசம் பக்கமோ பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு பக்கமோ போகணும்னா செக்போஸ்ட்ல கேட்டுட்டு விட்டாதான் போகணும், வேண்டாம்னா திரும்பிடணும். யானை நடமாடுற காடு, சைக்கிள் சத்தமில்லாம வர்றதால யானைக்கும் தெரியாது நமக்கும் தெரியாது, வளைவுல நேருக்கு நேரா நிக்க வேண்டி வரும். சாயங்காலம் நாலுக்குள்ள கீழ எறங்கிடுங்க.

சாமான் பத்திக் கேட்டிருந்தீங்க. மெல்லிசு டயர் வேண்டாம், முப்பத்தஞ்சு மில்லிமீட்டராவது வேணும், சானல் கரையில முள்ளு உண்டு. ரெண்டு ட்யூப், பம்பு, கையில இருக்கணும். கடலோரம் ஓட்டுன அன்னைக்கு ராத்திரியே செயினையும் ரிம்மையும் நல்ல தண்ணியில கழுவித் தொடச்சு எண்ணெய் போடுங்க, ஒரு ராத்திரி விட்டாலே செயின்ல செவப்பா துரு பிடிச்சிருக்கும், உப்பு அவ்வளவு. சாப்பாட்டுக்குத் தூக்கிட்டு வரவேண்டாம், காலையில புட்டும் கடலைக்கறியும், மத்தியானம் மரச்சீனிக் கெழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும் எங்கயும் கெடைக்கும், பையில ஒரு சீப்பு மட்டிப்பழம் போட்டுக்கோங்க, சின்னப் பழம், ஓட்டிக்கிட்டே ரெண்டு வாய்ல முடிஞ்சிரும். அக்கானி கண்டா விடாதீங்க, பதநீரைத்தான் இங்க அப்படிச் சொல்வாங்க, ஆனா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி குடிச்சிடணும், பத்து மணிக்கு மேல வாங்காதீங்க.

வர்ற தேதி முடிவானதும் கீழ எழுதுங்க, தெரிசனங்கோப்புப் பக்கம் கரை இப்ப எப்படி இருக்குன்னு அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒருக்க சவுட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்.