விசிறி வாழை வாழைதானா?

கேள்வி: எங்கள் ஊர்த் திருமண மண்டப வாசலில், பெரிய விசிறியை விரித்து வைத்ததைப் போல ஒரு வாழை நிற்கிறது. பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஒருமுறைகூடக் குலை தள்ளியதில்லை. அது எந்த வகை வாழை? அதன் தாயகம் எது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது விசிறி வாழை. பெயரில் வாழை இருந்தாலும் அது வாழைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் வாழையில் தண்டுபோலத் தெரிவது ஒன்றையொன்று சுற்றிய மட்டைகளே; விசிறி வாழைக்கோ மெய்யான மரத்தண்டு உண்டு. வாழையிலைகள் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் எழ, இதன் இலைகள் இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் எழுவதால்தான் அந்த விசிறி வடிவம் அமைகிறது. வாழை உச்சியில் குலை தள்ளிப் பின் மடியும். இதன் பூங்கொத்து மட்டைகளின் கக்கத்தில் தோன்றுவதால், பூத்த பின்னும் மரம் வாழ்கிறது. ஆகவே, அடுத்த முறை உச்சியை விட்டு மட்டைகளின் இடுக்கைப் பாருங்கள். படகு போன்ற தடித்த மடல்கள் தென்படக்கூடும்.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு, குறிப்பாக இந்தியப் பெருங்கடல் காற்று மலைகளில் மோதி ஆண்டின் பெரும்பகுதி மழை தரும் கிழக்குக் கரை. அந்நாட்டு மக்கள் இதை ‘ரவினாலா’, அதாவது காட்டின் இலை என்கிறார்கள். புதுச்சேரிக்கும் வந்து சென்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா, 1782இல் வெளியான தம் பயண நூலில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கிழக்குக் கரைக் கிராமங்களில் இலை கூரையாகிறது, காம்பு சுவராகிறது, தட்டிப் பரப்பிய தண்டு தரையாகிறது. மலைநெல் பயிரிடக் காட்டை எரித்த சரிவுகளிலும் இது விரைவில் தழைத்துவிடும். அவ்வாறு தனித்து நிற்கும் விசிறித் தோப்புகளின் அழகைக் காணும்போது, அங்கே முன்பு அடர்காடு இருந்தது என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காட்டை நம்பியிருப்பது, குரங்குக்குத் தூரத்து உறவான கறுப்பு வெள்ளை லெமூர் என்னும் விலங்கு. கையால் தடித்த மடலை விலக்கி, நீண்ட மூக்கைப் பூவுக்குள் நுழைத்துத் தேனை உண்ணும்போது, அதன் முகமயிரில் மகரந்தம் ஒட்டி அடுத்த மரத்துக்குச் செல்கிறது. தேனீயும் வண்டும் செய்யும் வேலையை அங்கே ஒரு பாலூட்டி செய்கிறது என்பதை 1994இல் வெளியான ஆய்வு விளக்கியது. இன்று அந்த லெமூர் அற்றுப்போகும் விளிம்பில் உள்ளது. அதைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

கேள்வி: இதன் மட்டையில் வழிப்போக்கர் குடிக்க நீர் இருக்கும் என்பது உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: மட்டையின் அடியில் மழைநீர் தேங்குவது உண்மை. ஆனால், அதில் தூசியும் பூச்சிகளும் ஊறிக் கிடக்கும்; வடிகட்டிக் காய்ச்சாமல் குடிக்கலாகாது. விசிறி எப்போதும் கிழக்கு மேற்காக நின்று திசை காட்டும் என்பதை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது அதன் காய். மரக்கட்டை போன்ற அந்தக் காய் முற்றி மூன்றாக வெடிக்கும்போது, உள்ளே ஒவ்வொரு விதையையும் மயில்கழுத்து நீலத்தில் ஒரு மெல்லிய போர்வை மூடியிருக்கும்.