கேட்டது ஒன்று, சொன்னது வேறு

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். டிசம்பர் லீவில் மகளோடு உட்கார்ந்து ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் முழுவதையும் பார்த்து முடித்தேன். மகள் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுத இருக்கிறாள். ஜேமி லானிஸ்டர் குளியல் தொட்டிக்குள் இருந்து பேசுகிற இடத்தில் அழுதுவிட்டாள். “சின்னப் பிள்ளையைக் கோபுரத்திலிருந்து தள்ளியவனுக்கா அழுகிறாய்?” என்று ஏசினேன். ஆனால் தியோன் சாகும்போது நானே அழுதேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் அம்மா, “ரெண்டு பயலுகளக் கொன்னவனுக்கு ஒப்பாரியா?” என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு இரங்குவது சரியா? இந்தக் கதைகள் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டதை மறக்கடித்துவிடாதா? தரம் 8 படிக்கும் மகனும் பார்க்கக் கேட்கிறான்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மகளை ஏசியிருக்க வேண்டாம். யார் பார்த்தாலும் அழும்படியாகத்தான் அந்தக் காட்சியை எடுத்து வைத்திருக்கிறார்கள். (தொடரை இனிமேல் பார்க்க இருக்கிறவர்கள் இந்தப் பதிலை இங்கேயே விட்டுவிடலாம்.)

2011இல் முதல் எபிசோட் முடிகிற இடத்தில், தன் இரட்டைச் சகோதரியோடு இருந்ததைக் கண்டுவிட்ட சிறுவன் பிரானை ஜேமி கோபுரத்திலிருந்து தள்ளிவிடுகிறான். அவனை வெறுக்க அது போதும். 2013இல், மூன்றாம் சீசனில், வலது கை போய், உடம்பு தளர்ந்து, சுடுதண்ணீரில் கிடந்தபடி, அவனைக் கைதியாகக் கூட்டிப்போன வீராங்கனை பிரியெனிடம் வாய் திறக்கிறான். ராஜாவைக் காப்பதாகச் சத்தியம் செய்தவன் ராஜாவையே கொன்றான் என்று நாடே அவன்மேல் காறித் துப்புகிறது. நடந்தது என்ன? அந்தக் கிறுக்கு ராஜா நகரத்துக்கு அடியில் எரிதிரவத்தைப் பதுக்கி வைத்து, எல்லாரையும் கொளுத்தச் சொன்னான். இவனுடைய அப்பாவின் தலையையும் கொண்டுவரச் சொன்னான். சொல்லி முடித்ததும் ஜேமி சரிந்து விழுகிறான். ‘ராஜாவைக் கொன்றவனுக்கு’ உதவி வேண்டும் என்று பிரியென் கத்த, “ஜேமி. என் பெயர் ஜேமி” என்கிறான்.

அருமையான காட்சி. ஆனால் அந்தப் பேச்சில் பிரானைப் பற்றி ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கம் சொன்னது ராஜாவைக் கொன்றதற்கு. நம் மனதில் கிடந்த வழக்கோ பிள்ளையைத் தள்ளியது. ஒரு வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு இன்னொரு வழக்கில் விடுதலை வாங்கிக்கொண்டு போகிறான். நாமும் மூக்கைச் சிந்திக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

மன்மதன் எரிந்த கதையை ஆடும் நம் காமன் கூத்தில் இந்த வேலை நடக்காது. மாசியில் காமன் பொட்டலில் தப்புச் சத்தத்தோடு விடிய விடியப் பார்த்திருப்பீர்கள். தேவர்கள் ஏவித்தான் மன்மதன் சிவன்மேல் அம்பு விடப் போகிறான். போகாதே என்று ரதி மன்றாடுவதும் அவன் கேளாமல் போவதும் நம் கண்முன்னேயே நடந்துவிடும். அம்பு கிளம்பும்போது அவன் குற்றமும் காரணமும் ஒரே இடத்தில் இருக்கும். எதற்கு இரங்குகிறோம் என்பதில் நமக்குக் குழப்பமே வராது. வீரபத்திரனைக் கண்டு அம்மா முந்தானைக்குள் ஒளிகிற பிள்ளைகூட அவன் எதற்கு வந்தான் என்று தெரிந்துதான் ஒளிகிறது. தொலைக்காட்சித் தொடர் செயலை முன்னால் காட்டி, காரணத்தை வருடக்கணக்கில் பிடித்து வைக்கிறது. அதைத் தந்திரம் என்று தள்ளிவிட மாட்டேன். அந்தத் தாமதம்தான் நம்மை நமக்கே காட்டிக் கொடுக்கிறது.

அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரியகங்காணிகளைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் குளியல் தொட்டி ஞாபகம் வரும். “அவரும் தோட்டத்துக்குக் கடனாளிதானே, அவர் என்ன செய்வார்?” என்பார்கள். உண்மைதான். ஆள் கட்டிக் கொண்டுவர முற்பணம் வாங்கியவர், அந்தக் கடனைக் கூலியாட்கள் தலையில் ஏற்றினார். 1921இல் துண்டு முறை ஒழியும் வரைக்கும், கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதித் தரும் துண்டு இல்லாமல் ஓர் ஆள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வழியில்லை. கங்காணியின் கடன் அவர் ஏன் ஆட்களைக் கடனில் பிடித்து வைத்தார் என்பதைச் சொல்லும். வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு எண்ணி வாங்கிய கையாலேயே காய்ச்சல்காரனைப் பிரம்பால் அடித்துப் பிரட்டுக்கு (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு) விரட்டியதை அது சொல்லாது. அதற்கு அவர் வேறு பதில்தான் சொல்லியாக வேண்டும். கங்காணியைக் கதைக்குள் கொண்டுவரும் எங்கள் எழுத்தாளர்கள் பலர் கடனைச் சொன்னதோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம், இரக்கத்தில் இல்லை.

இனி தியோன். பிரானின் கோட்டையைப் பிடித்து, பண்ணைப் பையன்கள் இரண்டு பேரைக் கொன்று, கரிக்கட்டையாக்கி, பிரானும் அவன் தம்பி ரிக்கனும் இவர்கள்தான் என்று தொங்கவிட்டவன். பிறகு அவனைச் சிறைபிடித்த ராம்சே அவனைச் சித்திரவதை செய்யும்போது, போதும், பட்டுவிட்டான் என்று நமக்குத் தோன்றுகிறது. ராம்சே அந்தப் பையன்களுக்காகவா வதைத்தான்? அவனுக்கு அது பொழுதுபோக்கு. 2019இல் பிரானைக் காக்க நின்று தியோன் சாகப்போகும் நேரம், “நீ நல்லவன்” என்கிறான் பிரான். தன் வீட்டைப் பிடுங்கியதற்குப் பிரான் மன்னிக்கலாம். எரிந்துபோன இரண்டு பேருக்காக அவன் எப்படி மன்னிப்பான்? அவர்கள் செத்ததே அவன் பெயரில்தான். நீங்கள் அழுததில் பிழையில்லை டீச்சர். ஆனால் அந்த அறையில் அந்தப் பையன்களை நினைத்தவர் உங்கள் அம்மா ஒருவர்தான். அவரை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம்.

எனக்கு அந்தக் குளியல் காட்சியைவிடப் பெரிதாகப் படுவது கடைசி சீசனில் வருகிற சின்னக் காட்சி. மரத்தடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிரானிடம் போய் ஜேமி மன்னிப்புக் கேட்கிறான். அன்றைக்கு நீ வருந்தவில்லையே, உன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய் என்கிறான் பிரான். கண்ணீரும் இல்லை, அணைப்பும் இல்லை. தள்ளியவன் தள்ளப்பட்டவன் முன்னால் நின்று, தள்ளியதைப் பற்றியே பேசுகிறான். அதற்கு அவனுக்கு எட்டு சீசன் பிடித்தது. மகளை அதை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். அவள் அங்கே அழுதாளா என்று அறிய ஆசை.

மகனுக்கு இப்போது வேண்டாம். ஜேமிக்கு இரங்கிவிடுவான் என்ற பயத்தினால் சொல்லவில்லை. பெண்களை வதைக்கிற காட்சிகளும் நிர்வாணமும் அதில் ஏராளம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஆகாது. அழுது பிடிவாதம் பிடித்தால் மாசிக்குக் காமன் பொட்டலுக்கு அனுப்பி வையுங்கள். விடிய விடிய முழித்திருக்கட்டும்.