'ஒரே தளத்தில்' என்ற இரண்டு சொற்கள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாத கோடுகள் இணைகோடுகள்' என்று தேர்வில் எழுதினாள். ஒரு மதிப்பெண் போய்விட்டது. காரணம் கேட்டதற்கு, 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவில்லை' என்றார் ஆசிரியர். அதே ஆசிரியர் வகுப்பில், 'இணைகோடுகள் முடிவிலியில் சந்திக்கும்' என்றும் சொல்லியிருக்கிறார். சந்திக்குமா, சந்திக்காதா? குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைத்தது அநியாயம் இல்லையா?

– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மதிப்பெண்ணைக் குறைத்தது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. உங்கள் கோபம் மதிப்பெண்ணின் மேல் இருக்கிறது, எனக்குக் கோபம் அந்தக் காரணத்தின் மேல்.

மகளை ஒரு ரயில்வே மேம்பாலத்துக்கு அழைத்துப் போங்கள். மேலே சாலை போகிறது, அடியில் குறுக்கே தண்டவாளம் போகிறது. இரண்டையும் நேராக எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒன்றையொன்று வெட்டாது. அப்படியானால் அவை இணைகோடுகளா? இல்லவே இல்லை, ஒன்று ஒரு திசையில் போகிறது, மற்றது வேறு திசையில் போகிறது. வெளியே போக நேரமில்லை என்றால் ஒரு தீப்பெட்டி போதும். மேல்பக்கத்தில் நீளவாட்டில் ஒரு விளிம்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தில் அகலவாட்டில் இருக்கும் ஒரு விளிம்பை இன்னொரு விரலால் தொடுங்கள். அவையும் சந்திக்காது, இணையும் இல்லை. 'ஒரே தளத்தில்' (அதாவது, ஒரே தட்டையான பரப்பில்) என்ற சொற்களை விட்டுவிட்டால் இவை எல்லாமே இணைகோடுகள் என்று ஆகிவிடும். உங்கள் மகள் விட்டது அந்த இரண்டு சொற்களைத்தான். இதைத் தீப்பெட்டியை வைத்து அரை நிமிடத்தில் காட்டியிருக்கலாம். 'புத்தகத்தில் உள்ளபடி' என்று சொல்லி அனுப்பினால், கணக்கு என்பது மனப்பாடம் என்றுதான் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

இணைகோட்டின் வரையறையில் வரும் 'நேர்கோடு' என்பதும் சும்மா போட்ட சொல் இல்லை. y = 1/x என்ற வளைகோட்டை வரையச் சொல்லுங்கள். x 10 ஆனால் உயரம் 0.1, x 1000 ஆனால் உயரம் 0.001. கிடை அச்சை நெருங்கிக்கொண்டே போகும், ஒருநாளும் தொடாது. சந்திக்கவில்லை என்பதற்காக அதை அச்சுக்கு இணை என்று யாரும் சொல்வதில்லை.

கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்ளிட் இதை நன்றாக உணர்ந்திருந்தார். அவருடைய 'எலிமென்ட்ஸ்' என்ற நூலின் முதல் பகுதியில் உள்ள 23-ஆவது வரையறை, ஒரே தளத்தில் இருந்து, இரு பக்கமும் வரம்பில்லாமல் நீட்டினாலும் எந்தப் பக்கத்திலும் சந்திக்காத நேர்கோடுகள் என்கிறது. ஆனால் வரம்பில்லாமல் நீட்டிப் பார்க்க யாரால் முடியும்? நோட்டில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுகிறீர்கள். 20 சென்டிமீட்டர் நீளத்தில் அந்த இடைவெளி 0.2 மில்லிமீட்டர் குறைகிறது என்று வையுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம், அதனால் கண்ணுக்கு அவை இணைகோடுகள்தான். உண்மையில் அவை 50 மீட்டர் தள்ளி, பள்ளி மைதானத்தில் எங்கோ வெட்டிக்கொள்ளும்.

அதனால்தான் யூக்ளிட் தொலைவைப் பார்க்காமல் கோணத்தைப் பார்த்தார். இரண்டு கோடுகளையும் வெட்டும்படி ஒரு குறுக்குவெட்டி போடு. அதன் ஒரே பக்கத்தில், இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும் உட்கோணங்களைக் கூட்டு. 180 பாகைக்குக் குறைந்தால் கோடுகள் அந்தப் பக்கத்தில் சந்தித்தே தீரும். இதுதான் அவருடைய ஐந்தாவது எடுகோள், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் விதி. கண் எட்டாத தூரத்தில் நடப்பதைக் கையெட்டும் இடத்தில் ஒரு பாகைமானியை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு வடிவியலில் மிகவும் பிடித்த இடம் இது. யூக்ளிடுக்கே இதைப் பயன்படுத்தத் தயக்கம் இருந்ததுபோலத் தெரிகிறது. முதல் 28 தேற்றங்களை இது இல்லாமலே நிறுவிவிட்டு, 29-ஆவதில்தான் முதல்முறையாகக் கையில் எடுக்கிறார். மற்ற எடுகோள்களிலிருந்தே இதை நிறுவிவிடலாம் என்று அவருக்குப்பின் இரண்டாயிரம் ஆண்டுகள் பலரும் முயன்று தோற்றார்கள். 1829-இல் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும், 1832-இல் ஹங்கேரியின் போயாயும் ஒருவரையொருவர் அறியாமலே துணிந்து வேறு விதியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக, அந்தக் கோட்டைச் சந்திக்காத கோடுகள் பல போகலாம் என்ற விதி. அதிலும் முரண்பாடு வரவில்லை, புதிய வடிவியலே வந்தது.

உருண்டையின் மேல் கதை தலைகீழ். ஒரு சாத்துக்குடியின் இடுப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குச் செங்குத்தாக, இரண்டு இடங்களிலிருந்து நேராக மேலே கோடு இழுங்கள். இரண்டு கோணமும் 90 பாகை, கூட்டினால் சரியாக 180. ஆனாலும் காம்பு இருக்கும் இடத்தில் இரண்டும் சந்தித்துவிடும். பூமியின் தீர்க்கரேகைகள் துருவத்தில் சேர்வது இப்படித்தான்.

சரி, 'முடிவிலியில் சந்திக்கும்' என்பது எங்கிருந்து வந்தது? ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் நின்று பாருங்கள். நம் அகலப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மில்லிமீட்டர், எங்கேயும் அதேதான். ஆனால் நல்ல பார்வையுள்ள கண்ணும் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துப் பார்க்காது. கணக்குப் போட்டால் சுமார் 5.8 கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு தண்டவாளமும் ஒன்றாகிவிடும். ஓவியர்கள் இதைப் படத்தில் கொண்டுவந்தார்கள். 1639-இல் டெசார்க் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கணிதமாகவே ஆக்கினார். இணையான கோடுகளின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொலைவில், அதாவது முடிவிலியில், ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. அந்த வடிவியலில் ஒரே தளத்தின் எந்த இரண்டு கோடும் சந்திக்கும். ஆகவே அங்கே இணைகோடு என்ற பேச்சே கிடையாது.

உங்கள் மகளின் பாடப்புத்தகம் அந்த வடிவியலைப் பற்றியது இல்லை. அதில் முடிவிலி என்று ஓர் இடமும் இல்லை, இணைகோடுகள் எங்கேயும் சந்திப்பதும் இல்லை. ஒரு விளையாட்டின் விதியை இன்னொன்றின் நடுவே சொல்லி, அது வேறு விளையாட்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்?

பள்ளிக்குப் போங்கள், ஆனால் மதிப்பெண் கேட்டுப் போகாதீர்கள். தீப்பெட்டியை மகள் கையில் கொடுத்து, எந்த விளிம்பும் எந்த விளிம்பும் சந்திக்காமலும் இணையில்லாமலும் இருக்கின்றன என்று வகுப்பில் காட்ட ஐந்து நிமிடம் கேளுங்கள். மேல்பக்கத்து விளிம்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் அப்படிப்பட்டவை நான்கு இருக்கும், அவளே எண்ணிப் பார்க்கட்டும்.