காஞ்ச ஊர்ல காப்பர்ஹெட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டல்லாஸ்ல இருக்கோம் சார். எங்க வீட்டுப் பின்பக்கம் இலைக்குப்பையில ரெண்டு தடவை காப்பர்ஹெட் விஷப்பாம்பைப் பாத்திருக்கேன். மேற்கு டெக்சாஸ் பாலைவனத்துலயும் இது இருக்கு, அங்க கலர் இன்னும் அழகுன்னு நண்பர் சொல்றாரு. மரமும் ஈரமும் வேணும்கிற பாம்பு அந்த வெயில்ல எப்படி இருக்கும்? ஆகஸ்ட்ல நாலு நாள் அங்க பிக் பெண்ட் நேஷனல் பார்க் போறோம், எங்க தேடலாம்?

நண்பர் சொன்னது நிஜம்தான். அங்க இருக்கறதுக்கு டிரான்ஸ்-பீகோஸ் காப்பர்ஹெட்னு பேரு. 1943-ல குளாய்டு, கோனன்ட்னு ரெண்டு பாம்பு ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனி துணையினமா பிரிச்சு பிக்டிகேஸ்டர்னு பேர் வெச்சாங்க, சித்திரம் போட்ட வயிறுன்னு அர்த்தம். 2015-ல மரபணு பாத்துட்டு உங்க டல்லாஸ் பாம்பையும் இதையும் ஒரே இனத்துல சேத்துட்டாங்க, ஆக நீங்க தேடிப் போறது உங்க கொல்லைப்புறத்து ஆளோட பங்காளியைத்தான்.

எப்படி இருக்குன்னா, பாலைவனத்துல இருக்கு, ஆனா பாலைவனத்தோட ஒட்டாம இருக்கு. பனியுகத்துல அந்தப் பக்கமெல்லாம் ஜூனிப்பர், ஓக் மரக்காடு. பேக்ரேட்னு ஒரு எலி ஆயிரக்கணக்கான வருஷமா பாறை இடுக்குல சேத்து வெச்ச குப்பையைக் கிளறித்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க, எலி வளை நமக்கு வரலாறு சொல்லுது பாருங்க. அப்புறம் காடு சுருங்கி ஊத்து, ஓடை, பள்ளத்தாக்குன்னு அங்கங்க திட்டுத்திட்டா நின்னு போச்சு, பாம்பும் அந்தத் திட்டுலயே தங்கிடுச்சு. அதனால கள்ளியும் கல்லும் இருக்கற இடத்துல டார்ச் அடிச்சுட்டு நடக்காதீங்க. நான் முதல் தடவை போனப்போ ரெண்டு ராத்திரி அப்படித்தான் பாறை பாறையா அலைஞ்சு கால் வலிதான் மிச்சம், கடைசி நாள் காலையில ஓக் மரத்தடியில மடக்கு நாற்காலி போட்டு காபி குடிச்சுட்டு இருக்கேன், ரெண்டடி தள்ளி காஞ்ச இலைக்கு நடுவுல ஒரு கண்ணு. அப்புறம்தான் உடம்பு தெரிஞ்சுது. எவ்வளவு நேரமா என் கூட உக்காந்திருந்துச்சோ!

பிக் பெண்ட்ல ரியோ கிராண்டே ஆத்தோரம், நாணல் புதரும் காட்டன்வுட் மரமும் இருக்கற பக்கம் பாருங்க. நம்ம சீமைக்கருவேலத்தோட ஒண்ணுவிட்ட சொந்தம் மெஸ்கீட் மரம் அங்க நிறைய, அதோட நிழல்ல சருகு சேந்திருந்தா நின்னு பாக்கணும். பார்க்குக்கு வெளிய டேவிஸ் மலைல ஓடையோர ஓக் தோப்புங்க, டெரல் கவுன்ட்டில இன்டிபென்டென்ஸ் க்ரீக் பக்கம், டெவில்ஸ் ரிவர் பக்கம் எல்லாம் இதோட ஊர்தான், ஆனா நிறைய தனியார் நிலம், கேக்காம வேலி தாண்டாதீங்க. சிள்வண்டு மண்ணுலேந்து வெளிய வர்ற சீசன்ல காப்பர்ஹெட்டுங்க மரத்தடியில வந்து பொறுக்கித் தின்னும், சமயத்துல மேலயே ஏறிடும், அதனால தரையை மட்டும் பாத்துட்டு நிக்காதீங்க.

கேள்வி: ராத்திரி கார்ல மெதுவா ஓட்டிட்டுப் போனா ரோட்டுலயே பாம்பு கெடைக்கும்னு வீடியோல பாத்தேன். போலீஸ் பிடிக்குமா?

மழை ஜூலைலேந்து செப்டம்பர் வரைக்கும். சாயங்காலம் ஒரு மழை பெஞ்சு இருட்டினதும் நல்ல நேரம், இருட்டினப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் பாருங்க. ஆனா அந்த ரோடுங்கள்ல முக்காவாசிப் பேர் சுத்தறது கிரே-பேண்டட் கிங்ஸ்னேக்னு வேற ஒரு பாம்புக்காக, காப்பர்ஹெட் நடுவுல ஓசில வர்றதுதான்.

சட்டம் பத்தி. 2007-ல டெக்சாஸ்ல ரோட்டோரமா ஊர்வன பிடிக்கறதை நிறுத்தினாங்க, 2011-ல திரும்பவும் கண்டிஷனோட விட்டாங்க: ஹன்டிங் லைசன்ஸ், கூடவே ஊர்வனத்துக்குன்னு 10 டாலர் அனுமதி ஸ்டாம்ப், வெளிச்சம் பட்டா மின்னுற சட்டை, கார்ல உக்காந்து இல்லாம இறங்கி நடக்கணும். தொடாம போட்டோ மட்டும் எடுக்கறவங்களுக்கு அது தேவையான்னு சண்டை போடறதுக்குப் பதிலா வாங்கி வெச்சுக்கறது நிம்மதி, நடு ராத்திரி டார்ச்சோட நிக்கறவன் சொல்றதை யாரு நம்புவா. நேஷனல் பார்க்குக்குள்ள மட்டும் எந்த ஸ்டாம்ப்பும் செல்லாது, தொடக்கூடாது, நகத்தக்கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: 100 எம்எம் மேக்ரோ லென்ஸும் ஒரு ஃப்ளாஷும் இருக்கு. எவ்வளவு கிட்ட போகலாம்? சிலர் பாம்பு மேல தொப்பியைக் கவுத்து வெச்சு சுருண்டதும் எடுக்கறாங்களே?

தொப்பி வித்தையை நானும் செஞ்சிருக்கேன், இப்போ செய்யறதில்லை. அப்படி எடுத்த படமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்ச மாதிரி. இந்தப் பாம்போட அழகே சருகுக்குள்ள காணாமப் போறதுதான், அதைக் கூட்டிக் கழுவி கல்லு மேல வெச்சா என்ன மிச்சம்?

பெரிசானது ரெண்டு ரெண்டரை அடி இருக்கும், பாதி நீளம் வரைக்கும் பாய்ஞ்சு கொத்தும்னு வெச்சுக்கலாம். அந்தக் கணக்கை நம்பி ரெண்டடில உக்காராதீங்க, ஆறடி தள்ளி நில்லுங்க, 100 எம்எம் போதலைன்னா ஒரு டெலிஃபோட்டோ வாடகைக்கு எடுங்க. போனை நீட்டிட்டு கிட்டப் போறதுதான் மோசம், கை முன்னாடி போயிடும். கேமராவைத் தாழ இறக்குங்க, ஆனா நீங்க படுக்காதீங்க, எழுந்து விலக முடியணும். ஃப்ளாஷுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணி, அப்பர்ச்சர் எஃப் 8 லேந்து 11, ஃபோகஸ் நெட்டுக்குத்தா நிக்கற கண்ணுமணில. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு சின்ன பள்ளம், சூட்டை உணர்ற குழி, அதுவும் ஷார்ப்பா வந்துட்டா படம் ஜெயிச்சுடும். குட்டி கெடைச்சா வாலை விட்டுடாதீங்க, நுனி மஞ்சளா இருக்கும், புழு மாதிரி ஆட்டி பல்லியையும் தவளையையும் கிட்ட வர வைக்கும். சித்திர வயித்தைப் பாக்க ஆசைப்பட்டு மட்டும் புரட்டிடாதீங்க. படத்தைப் போடும்போது லொக்கேஷனை அழிச்சுடுங்க, பாம்பு பிடிச்சு விக்கறவனும் அதைத்தான் பாத்துட்டு இருப்பான்.

கேள்வி: கடிச்சுட்டா?

ஆள் சாகறது ரொம்ப அபூர்வம், வலியும் வீக்கமும் பயங்கரம். மோதிரம், வாட்ச் கழட்டுங்க, கட்டு போடாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, ஐஸ் வேண்டாம், உடனே அவசர நம்பர் 911-க்குப் போன் போடுங்க. பக்கத்து ஆஸ்பத்திரியே ஆல்பைன் ஊர்லதான், பார்க் நடுவுலேந்து 100 மைல் கிட்ட, நிறைய இடத்துல போன் சிக்னலும் கிடையாது. அதனால எந்த ஓடைக்குப் போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு ஒரு சீட்டுல எழுதி கேம்ப்ல இருக்கறவங்ககிட்ட குடுத்துட்டுக் கிளம்புங்க.