புங்க இலைப் புடைப்பு மங்கலாக விழுவது ஏன்?

வணக்கம். புங்க இலையின் விரல் மாதிரிப் புடைப்புகள் எஃப்/22-இலும் (லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கியும்) படத்தில் மங்கலாக விழுவதாகவும், வெட்டினால் உள்ளே பூச்சியே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

உள்ளே இருப்பது பூச்சி அல்ல, நாலே காலுள்ள சிலந்திப்பேன். நீளம் சுமார் 0.2 மி.மீ. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1:1-இல், அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது, உங்கள் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் ஏறக்குறைய 50 பிக்சல் நீளம்தான் விழும். பச்சைப் புடைப்பைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, பெரிதாகத் தெரிய லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ரோமங்களுக்கு நடுவே வெளிறிய புழுப்போல மெல்ல நகரும். பார்த்தால் விடமாட்டீர்கள்!

மங்கலுக்குக் காரணம் எஃப்/22-தான். அவ்வளவு சிறிய துளையில் ஒளி விலகிப் பரவிவிடுகிறது. எஃப்/8 வைத்து, ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்தி 20 படம் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகள் சேர்ந்து ஒரே படமாகும்படி கணினியில் அடுக்குங்கள். ஃபிளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர் அவசியம். இல்லாவிட்டால் புங்க இலையின் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகிவிடும்.