அடித்தும் அடங்காத நாய்

கேள்வி: நாங்கள் மரச்சீனியும் சாளைக் கறியும் சாப்பிட உட்கார்ந்தாலே எங்கள் நாய் வந்து குரைக்கிறது. அடித்தும் அடங்கவில்லை. என்ன செய்வது?
- வாசகி, தக்கலை

பதில்: முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். வீட்டில் யாரோ எப்போதாவது ஒரு மீன் தலையைத் தூக்கிப் போடுகிறார், இல்லையா? அந்த ‘எப்போதாவது’தான் வினையே. தினமும் கிடைத்து நின்றுபோனால் நாய் சீக்கிரம் விட்டுவிடும், ஆனால் பத்துத் தடவை குரைத்து ஒரு தடவை கிடைத்தால், அடுத்த தடவை கிடைக்கும் என்று விடாமல் குரைக்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து இதைத்தான் காட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

குளச்சலில் எங்கள் வீட்டு நாய், அப்பா கையில் கம்பைப் பார்த்தாலே வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவர் கடைக்குக் கிளம்பியதும் பழையபடி குரைக்கும். அடி கற்றுக்கொடுத்தது அப்பாவைக் கண்டு பயப்பட மட்டும்தான், பிள்ளைகளை அடித்தாலும் இதே கதைதான்.

சரி, இனி அது குரைக்கும்போது ஒருவரும் எதுவும் போடாதீர்கள். முதல் சில நாள் குரைப்பு கூடும், அப்போது மனம் இளகிவிடக் கூடாது. அது சத்தமில்லாமல் படுத்த அந்த நொடியிலேயே, முள் எடுத்த மீன் துண்டு ஒன்றை அதன் தட்டில் வையுங்கள்.