பின்வளவுப் புல்லை வெட்டுவதா, விடுவதா?

கேள்வி: தெஹிவளையில் வீட்டுக்குப் பின்னால் 6 பேர்ச் காணி சும்மா கிடக்கிறது. இரண்டு கிழமைக்கொருமுறை மெஷின் போட்டால் வெறும் புல்தான். ஒரு வருஷம் விட்டுப்பார்த்தோம், மஞ்சள் பூக்கொடி மூடிவிட்டது. வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. மண்ணை மாற்றி 'பட்டர்ஃப்ளை பெக்கேஜ்' நட்டுத்தருவதாக நர்சரிக்காரர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். லொறியில் வரும் மேல்மண் எந்தக் காணியில் வழித்ததென்று விற்கிறவருக்கே தெரியாது. பெக்கேஜ் செடிகள் பெரும்பாலும் தேனுக்கு மட்டும்தான். புழு தின்ன இலை இல்லாவிட்டால் வண்ணத்துப்பூச்சி முட்டையிடாது. ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எருக்கு வையுங்கள், போதும்.

அடிக்கடி வெட்டினால் அடியிலிருந்து தளிர்க்கும் புல் மட்டும் தப்பும். வெட்டாமலே விட்டால் பலமுள்ள ஒன்று மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். நடுத்தரமாக வெட்டச் சொல்வார்கள், சரிதான். ஆனால் வெட்டு இடத்தைத்தான் காலியாக்கும். அதில் குடியேற விதை வெளியிலிருந்து வரவேண்டும். நாலு பக்கமும் சீமெந்து என்றால் எவ்வளவு கணக்காக வெட்டியும் பலனில்லை. உங்களுக்கு, 1990-ல் சரணாலயமான பெல்லன்வில–அத்திடிய சதுப்பு கிட்ட இருக்கிறது. இரண்டு கம்பு நட்டுக் குறுக்கே ஒன்று கட்டிவிடுங்கள். கொண்டைக்குருவி உட்கார்ந்து எச்சமிடும், எச்சத்தில் வரும் விதை கம்புக்குக் கீழே முளைக்கும்.

காணியை மூன்றாகப் பிரித்து, ஆறு கிழமைக்கு ஒரு துண்டு மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதினெட்டுக் கிழமை ஓய்வு. பத்து சென்ரிமீற்றருக்குக் கீழே போகவேண்டாம். வெட்டியதை இரண்டு நாள் அங்கேயே விட்டால் புழுக்கள் ஊர்ந்து போய்விடும். பிறகு வாரி எடுங்கள், உக்கவிட்டால் மண் கொழுத்துக் கினிப்புல்தான் தலையெடுக்கும். ஏப்ரல், ஒக்டோபர் மழைக்கு முன்னால் விதை பிடிக்க அங்கங்கே ஒரு அடி அகலத்துக்கு மண்ணைக் கீறிவையுங்கள்.

இதெல்லாம் அந்த மஞ்சள் பூக்கொடிக்குப் பொருந்தாது. நர்சரியில் வெடேலியா என்று அழகுக்கு விற்கிறார்களே, அநேகமாக அதுதான். கணுவுக்குக் கணு வேர்விடும். விதையை நம்பி அது பரவுவதில்லை, துண்டுகளால்தான் பரவுகிறது. மெஷின் கம்பி சுழன்றடிக்கும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு இருந்தால் போதும், மழை பெய்ய இன்னொரு கொடி. வெட்டுவதும் விதைப்பதும் ஒரே வேலையாகிவிடும்! மழை பெய்து மண் இளகியதும் கையால் வேரோடு பிடுங்குங்கள். ஓரத்தில் தொடங்கி உள்ளே போங்கள். பிடுங்கியதைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, கருகும்வரை வெயிலில் போடுங்கள். குப்பை வண்டிக்கோ பக்கத்துக் கானுக்கோ பச்சையாகப் போகக்கூடாது. இரண்டு கிழமைக்கொருமுறை திரும்பிப் பாருங்கள், விட்ட துண்டு தலைகாட்டும். இது முடியும்வரை அந்தப் பகுதியில் மெஷினே வேண்டாம்.

புல் உயர்ந்தால் டெங்கு என்று யாராவது வருவார்கள். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018-ல் 'ஈரநில நகரம்' என்று பட்டம் வாங்கிய கொழும்பில் இதை இன்னும் விளக்கவேண்டியிருக்கிறது! டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய நீரில்: சிரட்டை, யோகட் கப், கூரைப் பீலி. அவற்றைச் சுத்தமாக வைத்துக் காட்டுங்கள். மதிலோரம் இரண்டடியை மட்டும் எப்போதும் ஒட்ட வெட்டிவிட்டால் அயலவரின் வாயும் அடங்கும்.